வேடனின் முதுகுப் பை



காலை எட்டரை மணிக்கு உங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர், கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், அலுவலகத்துக்கு விரையும் பெரியவர்கள் ஆகிய பலர் முதுகிலும் ஒரு பை ஏறி உட்கார்ந்திருக்கக் காண்பீர்கள். நம் பாட்டனார் காலத்தில் இந்தக் காட்சி இல்லை. அவர்கள் புத்தகங்களைத் தோளில் தொங்கும் துணிப்பையிலோ, கையில் பிடித்த தகரப் பெட்டியிலோ கொண்டு சென்றார்கள். நெற்கட்டையும் விறகுக்கட்டையும் தலையில் சுமந்தார்கள். இரு தோளிலும் வார் மாட்டி முதுகில் பையை ஏற்றும் வழக்கம் நமக்குச் சற்றுப் புதியது. குளிர்நாட்டு மலைகளில் போர்வீரர்களும் மலையேறுவோரும் வேடர்களும் நெடுங்காலம் பழகித் திருத்திய பொருள் அது. இன்று அவர்களுள் வேடரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பகற்பொழுது வேட்டைக்குப் புறப்படும் மனிதர் தமக்குரிய பையை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

"நமக்கும் வேட்டைக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு நிறைவேறிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அது நல்ல சட்டம். அதை மீறும்படி உங்களுக்கு ஆசை மூட்டுவது என் நோக்கமன்று. ஆனால் நார்வே போன்ற நாடுகளில் வேட்டை இன்றும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்து வருகிறது. அங்கே அதற்கென ஒரு தேர்வு எழுதித் தேறவேண்டும். கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்கு மேற்படாமல் சுடவேண்டும். அந்த நாட்டு வேடரின் பை நமக்கு ஒரு நல்ல ஆசிரியர். ஏனென்றால், பை தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் பிழை முதுகுவலியாகப் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம். அவர் செய்யும் பிழையோ அன்று மாலைக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும்.

முதலில் மிகப் பழைய பை ஒன்றைப் பார்ப்போம். 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையருகே, 3,200 மீட்டர் உயரமுள்ள ஆல்ப்ஸ் மலைக் கணவாய் ஒன்றில், ஜெர்மானியத் தம்பதியர் பனியில் புதைந்து கிடந்த மனித உடல் ஒன்றைக் கண்டனர். அண்மையில் இறந்த மலையேறியின் உடல் என்றே முதலில் எண்ணினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அந்த மனிதர் ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர் என்று தெரியவந்தது. ஓட்சி என்று உலகம் அவருக்குப் பெயரிட்டது. அவர் உடல் இன்று இத்தாலியிலுள்ள போல்சானோ நகரத்து அருங்காட்சியகத்தில் குளிரூட்டப்பட்ட அறையில் காக்கப்பட்டு வருகிறது.

அவரிடம் இருந்த பொருள்களின் பட்டியல் வியப்பளிப்பது. செப்புக் கோடரி ஒன்று. இன்னும் செதுக்கி முடியாத வில் ஒன்று. 14 அம்புகள், அவற்றுள் 2 மட்டுமே முழுமையானவை. மரப்பட்டையால் செய்த இரு கலங்கள். இவற்றோடு, வளைத்த ஹேசல் மரக்கழி ஒன்றும் லார்ச் மரப்பலகைகள் இரண்டும் கிடைத்தன. இவை முதுகில் சுமை கட்டிக்கொள்வதற்கான சட்டத்தின் பகுதிகள் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. சக்கரம் செல்ல இயலாத அந்த மலையில், சுமையை முதுகோடு சேர்க்க ஒரு சட்டம் வேண்டும் என்பதை அன்றைய மனிதரும் உணர்ந்திருந்தார் போலும்.

ஓட்சி இன்னொரு பாடமும் சொல்லித் தருகிறார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சிறு தோல்பையில் சிக்கிமுக்கிக் கல்லாலான சிறு கருவிகளும், எலும்பூசியும், தீப்பற்றிக்கொள்ளும் காளானும் இருந்தன. மரப்பட்டைக் கலம் ஒன்றில், மேப்பிள் இலைகளில் பொதிந்து தணல் கொண்டு சென்றதற்கான அடையாளமும் இருந்தது. தீ மூட்டும் வழி ஒன்று உடம்போடு; இன்னொன்று சுமையோடு. சுமையை ஓரிடத்தில் இறக்கிவைத்துவிட்டு விலங்கின் பின்னே சென்றாலும், அது பள்ளத்தில் உருண்டு மறைந்தாலும், தீ அவரை விட்டு நீங்காது. இன்றைய வேடரும் கத்தி, தீப்பெட்டி, திசைகாட்டி ஆகியவற்றைப் பையில் வைப்பதில்லை. சட்டையிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்கிறார். பையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, பையில் வைக்கக் கூடாதவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி நார்வேக்கு வருவோம். 1908ஆம் ஆண்டு, ஓலே பெர்கன் என்பவர் வேட்டைக்குச் சென்றுவிட்டுச் சுமையோடு திரும்பினார். அக்காலத்துப் பை வெறும் சாக்கு. இரு தோள்வார்களில் தொங்கும் ஒரு மூட்டை. உள்ளிருக்கும் பொருள் அனைத்தும் அடியில் சென்று உருண்டு திரண்டு, நடுமுதுகில் இடித்துக்கொண்டே வரும். வார்கள் தோளை அறுக்கும். வருந்தி வீடு சேர்ந்த பெர்கன், ஜூனிப்பர் மரக்கிளை ஒன்றைத் தம் முதுகின் வளைவுக்கேற்ப வளைத்துப் பையில் பொருத்திப் பார்த்தார் என்று சொல்லுவர். பிறகு மரக்கிளைக்குப் பதிலாக இலேசான எஃகுக் குழாய் வந்தது. 1909இல் அவர் தம் பைக்குக் காப்புரிமை பெற்றார். 1911இல் தென்துருவத்தை முதன்முதல் அடைந்த அமுண்ட்சென் குழுவினர் அந்தப் பைகளைப் பயன்படுத்தினர். பிரிட்டிஷ் போர்வீரர்கள் தம் பெரிய முதுகுப் பையை இன்றும் 'பெர்கன்' என்றே அழைக்கின்றனர்.

அந்த வளைந்த கிளை செய்த வேலை என்ன? அதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். நீங்கள் ஒரு வாளி நீரை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் எளிதாக இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் கை நடுங்குகிறது. நீரின் எடை மாறவில்லை. உடம்புக்கும் எடைக்கும் இடையிலுள்ள தூரம் மாறியிருக்கிறது. முதுகுப் பையும் அப்படித்தான். சுமை முதுகைவிட்டு விலகித் தொங்கினால் அது நம்மைப் பின்னோக்கி இழுக்கும். அதற்கு ஈடுகொடுக்க நாம் முன்னோக்கிக் குனிவோம். குனிந்தபடியே நடக்க முதுகுத்தசைகள் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். சட்டம் சுமையை முதுகோடு சேர்த்து நிறுத்துகிறது. அத்துடன் சுமையின் பெரும்பகுதியைக் கீழே இடுப்புக்கு இறக்குகிறது. தோளின் முன்புறத்துக் காரை எலும்பு மெல்லியது. இடுப்பெலும்போ உடம்பின் வலிய எலும்புகளுள் ஒன்று, அதன்கீழே வலிய தொடைகள் இருக்கின்றன. ஆகவே சுமக்க வேண்டியது இடுப்பு. சுமை சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது தோள். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு முதல் டிக் கெல்ட்டி என்பவர் செய்து விற்ற அலுமினியச் சட்டப் பைகளும் அவற்றின் இடுப்புப்பட்டையும் இக்கருத்தை மலையேறுவோரிடம் பரவச் செய்தன.

இது நமக்கு முற்றும் புதிய அறிவன்று. நம் கிராமத்துப் பெண்கள் தலையில் குடம் ஏற்றுமுன் பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வார்கள். சும்மாடு எடையைக் குறைப்பதில்லை. உருண்ட குடத்துக்கும் உருண்ட தலைக்கும் இடையே ஓர் இசைவை உண்டாக்குகிறது. பெர்கன் வளைத்த கிளையும் ஒருவகைச் சும்மாடுதான். சுமக்கும் பொருளை உடம்புக்கேற்பத் திருத்துவதே இரண்டின் தத்துவமும். வேடர் தலையில் சுமக்காததற்குக் காரணம், அவர் கிளைகளுக்கடியில் குனிந்து நுழையவேண்டும், பாறையைக் கையால் பற்றி ஏறவேண்டும், அவர் இரு கைகளும் ஒழிந்திருக்கவேண்டும் என்பதே.

ஆகவே பை வாங்கச் செல்லும் வேடர் முதலில் அளக்க வேண்டியது தம் முதுகை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும். அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக உள்ள இடம்வரை உள்ள நீளமே முதுகின் நீளம். நெட்டையான ஒருவருக்கு நீண்ட கால்களும் குட்டை முதுகும் இருக்கலாம். ஆகையால் ஆளின் உயரத்தைக் கொண்டு பையைத் தேர்ந்தெடுப்பது பிழை. அடுத்து, கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து ஏமாறக் கூடாது. காலியாக இருக்கும்போது எந்தப் பையும் சுகமாகவே இருக்கும். அதில் 8 அல்லது 10 கிலோ எடையை வைத்து, இடுப்புப்பட்டையை இறுக்கி, கால்மணி நேரம் நடந்தும் குனிந்தும் படியேறியும் பார்க்கவேண்டும். துப்பாக்கியின் வாரும் பையின் வாரும் ஒன்றோடொன்று சிக்குகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

முதுகு பொருந்திற்று. அடுத்து, பை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கடையில் இல்லை. வீட்டுத் தரையில் இருக்கிறது. கொண்டுபோக வேண்டிய பொருள்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்த பிறகே பையின் அளவு தெரியும்.

தென் நார்வேயில் ஹார்டாங்கர்விடா என்னும் பரந்த மலைமேட்டு நிலம் ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கும் உயரத்தில், பெரும்பாலும் மரங்களே இல்லாமல், பாறையும் பாசியும் ஏரிகளுமாக விரிந்து கிடப்பது. அங்கே காட்டு ரெயின்டீர் மான்கள் மந்தை மந்தையாகத் திரிகின்றன. ஆகஸ்டுப் பிற்பகுதியிலும் செப்டம்பரிலும் அங்கே வேட்டைப் பருவம். விடியலில் புறப்பட்டு அந்திக்குள் திரும்ப எண்ணும் வேடர் ஒருவர் தம் பொருள்களைத் தரையில் பரப்புவதாக வைத்துக்கொள்வோம்.

நீரும் தெர்மாஸ் குடுவையில் சூடான பானமும் 2 கிலோ. உணவு 1 கிலோ. மழையங்கி, உலர்ந்த கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை ஆகியவை ஒன்றரைக் கிலோ. புயற்காற்றில் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ள உதவும் பெரிய காற்றுத் தடுப்பு உறை 1 கிலோ. பைனாகுலர் 1 கிலோ. நெற்றியில் கட்டும் மின்விளக்கு, மாற்று மின்கலம், நிலப்படம், தரையில் விரிக்கும் சிறு பாய் எல்லாம் சேர்ந்து 1 கிலோ. காயத்துக்கு மருந்தும் கட்டுத்துணியும் அரைக் கிலோ. கயிறும், இறைச்சியைக் கட்டத் துணிப்பைகளும் அரைக் கிலோ. கூட்டினால் எட்டரைக் கிலோ ஆகிறது; ஒன்றரைக் கிலோ எடையுள்ள பையையும் சேர்த்தால் 10 கிலோ. இப்பொருள்கள் நெருக்கமில்லாமல் அடங்க 30 முதல் 40 லிட்டர் கொள்ளளவு போதும்.

இங்கேதான் இரண்டு சபலங்கள் வழிமறிக்கின்றன. "ஒரு பகல்தானே, இத்தனை எதற்கு?" என்று ஒரு குரல் கேட்கும். அதன்படி நடப்பவர் 15 லிட்டர் பையை வாங்குவார். மழையங்கியும் விளக்கும் அதில் அடங்கமாட்டா. அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்வார். "இருக்கட்டும், எதற்கும் உதவும்" என்று இன்னொரு குரல் கேட்கும். அதன்படி நடப்பவர் 70 லிட்டர் பையை வாங்குவார். காலியிடம் தன்னை நிரப்பச் சொல்லிக் கெஞ்சும். இரண்டாவது கத்தி, மூன்றாவது கம்பளி, படிக்க ஒரு புத்தகம் என்று சேர்ந்து சுமை 20 கிலோவாகிவிடும். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்ற எச்சரிக்கை தமிழர்க்குப் பழையது.

இவ்விருவரையும் செப்டம்பர் மாத நாள் ஒன்றில் பின்தொடர்ந்து செல்வோம். இது கற்பனையே, ஆனால் மலைநாட்டில் நடக்கக்கூடிய கற்பனை. காலையில் நல்ல வெயில். சிறு பைக்காரர் துள்ளி நடக்கிறார். பெரும்பைக்காரர் வியர்த்து விறுவிறுத்துப் பின்தங்குகிறார். நண்பகலில் பெரும்பைக்காரரின் கால்கள் தளர்ந்துவிட்டன. ஈரப்பாறையில் கால் வைக்கும்போது, தளர்ந்த கால் தவறிக் கணுக்கால் பிசகுகிறது. சிறு பைக்காரரோ மந்தையைப் பின்தொடர்ந்து நெடுந்தூரம் சென்றுவிட்டார். பிற்பகலில் மூடுபனி இறங்குகிறது, சாரல் விழுகிறது, காற்று எழுகிறது. அவர் மேனியில் காலையில் ஊறிய வியர்வை இன்னும் காயவில்லை. மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை இல்லை. மேலே போர்த்த அங்கி இல்லை. இருட்டினால் வழி பார்க்க விளக்கும் இல்லை. குளிரில் உடம்பின் வெப்பம் குறையக் குறைய, முதலில் நடுக்கம் வரும்; பிறகு விரல்கள் சொன்னபடி கேளா; பிறகு அறிவே மழுங்கிவிடும். உறைபனி இல்லாத நாளில்கூட, ஈரமும் காற்றும் சேர்ந்தால் மனிதர் குளிரால் இறக்கக்கூடும். அவர் வீட்டில் விட்டு வந்த பொருள்களின் எடை ஒன்றரைக் கிலோ. அந்த ஒன்றரைக் கிலோவின் விலை என்னவென்று அப்போது அவருக்குத் தெரியும்.

நார்வே மக்கள் இதைத் துயரப்பட்டே கற்றார்கள். 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் உயிரிழந்த பிறகு, மலையில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் மலைப்பயணச் சங்கத்தாரும் நாடெங்கும் பரப்பினார்கள். 2016இல் திருத்தி வெளியிடப்பட்ட அந்த 9 விதிகள் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தவை. அவற்றுள் ஒன்று, குறுகிய பயணமானாலும் கடுங்குளிருக்கும் கெட்ட வானிலைக்கும் ஆயத்தமாகச் செல்லவேண்டும் என்பது. இன்னொன்று, காலத்தோடு திரும்பிவிட வேண்டும், திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பது. முன்னதைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பின்னதை மனத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வேட்டை கைகூடிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேடரின் பைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. மலையேறுபவரின் பை போகும்போது கனக்கும், உண்டு குடித்துத் திரும்பும்போது இலேசாகும். வேடரின் பையோ திரும்பும்போதுதான் கனக்கும். ரெயின்டீர் மானின் உடலைத் துப்புரவு செய்த பின்னும் 30 கிலோவுக்கு மேல் தேறலாம். அதை ஒரே நடையில் ஒருவர் கொண்டுவருவது அரிது. கூட்டாளிகளோடு பங்கிட்டுக்கொள்ளவோ, இரண்டு மூன்று நடை நடக்கவோ வேண்டும். ஆகையால் பகல் வேட்டைக்கென்று செய்யும் நல்ல பைகளில், சட்டத்தையும் பையையும் சற்றே பிரித்து, இரண்டுக்கும் இடையே இறைச்சிச் சுமையைச் செருகி வாரால் இறுக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். போகும்போது தட்டையாக ஒட்டிக்கிடக்கும் பை, வரும்போது விரிந்து கொடுக்கிறது. கனமான பொருள் முதுகுக்கு மிக அருகில் அமைய வேண்டும் என்ற விதியும் அதில் தானாகவே நிறைவேறுகிறது.

இதில் ஓர் அறமும் அடங்கியிருக்கிறது. கொன்றதை வீணாக்கக் கூடாது என்பது வேட்டை நாடுகளில் மதிக்கப்படும் ஒழுக்கம். அலாஸ்கா மாநிலத்தில் அது சட்டமாகவே இருக்கிறது: மானினத்தை வேட்டையாடியவர் உண்ணத்தக்க இறைச்சியைக் கொண்டுவந்தே தீரவேண்டும், இறைச்சியை அங்கேயே விட்டுவிட்டு, அழகுக்காகக் கொம்பை மட்டும் முதலில் தூக்கிவர இயலாது. எனவே, சுமந்து வர இயலாத தொலைவில் விலங்கு நின்றால், நல்ல வேடர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்கிறார். தம் பையும் முதுகும் தாங்கும் அளவை அறிந்தவர்தான் அவ்வாறு செய்ய முடியும். எவ்வளவு சுமக்க முடியும் என்பது, எதைச் செய்யலாம் எதைச் செய்யலாகாது என்பதையும் தீர்மானிக்கிறது.

துணியைப் பற்றியும் சில சொற்கள் சொல்லவேண்டும். மானின் செவி கூர்மையானது. விறைப்பான நைலான் துணி புதரில் உராயும்போது எழும் ஓசையே அதை விரட்டிவிடும். ஆகவே கம்பளி போன்ற மென்மையான மேற்பரப்புடைய துணியை வேடர் விரும்புகிறார். ஆனால் மென்மையான துணி மழைநீரைக் குடித்துக் கனத்துவிடும். பாறையில் உரசினால் கிழியவும் கூடும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பலர் கையாளும் எளிய வழி, உள்ளே நீர்புகாத உறை ஒன்றைப் போட்டுப் பொருள்களை அதில் வைப்பதுதான். ஜிப்பை இழுக்கும் ஓசை, கொக்கிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை ஆகியவற்றையும் கடையிலேயே கேட்டுப் பார்த்துவிட வேண்டும். நிறத்தில் இன்னொரு கவனம். மண்ணிறப் பையில் மானின் கொம்பைக் கட்டிக்கொண்டு புதர்களினூடே வரும் மனிதரைத் தொலைவிலிருந்து இன்னொரு வேடர் பார்த்தால், மான் என்றே எண்ணிவிடக்கூடும். அதனால் ஒளிமிக்க ஆரஞ்சு நிறத் துணியைப் பையின் மேல் கட்டும்படி வேட்டைப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வேடர் அந்நிற உடை அணியவேண்டும் என்று சட்டமே உண்டு. மானின் கண்ணுக்கு அந்த நிறம் மனிதருக்குத் தெரிவதுபோல் எடுப்பாகத் தெரிவதில்லை என்பது இதில் ஒரு வசதி.

இனி உங்கள் முதுகுக்கு வருகிறேன். சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989ஆம் ஆண்டு தம் முதல் உரையை எதைப் பற்றி நிகழ்த்தினார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றி. பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, 1993இல், சுமையற்ற கல்வி வேண்டும் என்று அறிக்கை அளித்தது. 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பத்தாம் வகுப்புவரை பையின் எடை மாணவருடைய எடையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்கிறது. 40 கிலோ எடையுள்ள மாணவருக்கு 4 கிலோ. இன்றிரவே உங்கள் பையை ஒரு தராசில் வைத்துப் பாருங்கள்.

வளர்ந்த வேடர் தம் 10 கிலோவைச் சுமக்க முதுகை அளக்கிறார், பொருள்களைத் தரையில் பரப்புகிறார், ஒவ்வொன்றையும் கையிலெடுத்து "இது இன்று வேண்டுமா?" என்று கேட்கிறார். வளரும் பருவத்து எலும்புகளையுடைய நீங்கள் அதைச் செய்ய வேண்டாமா? அகன்ற, மெத்தென்ற வார்கள் இரண்டும் இரு தோளிலும் இருக்கட்டும். ஒற்றைத் தோளில் மாட்டுவது மிடுக்காகத் தோன்றலாம், ஆனால் உடம்பு ஒருபக்கம் சாய்கிறது. பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்காதிருக்கட்டும். கனத்த புத்தகம் முதுகை ஒட்டியும் இலேசானது வெளிப்புறத்திலும் அமையட்டும். முதல்நாள் இரவு பாடவேளைப் பட்டியலைப் பார்த்து, நாளைக்கு வேண்டாததை வெளியே எடுத்து வையுங்கள். அதே நேரத்தில், சோம்பலினால் வேண்டியதையும் விட்டுச் செல்லாதீர்கள். பெரும்பைக்காரரும் சிறு பைக்காரரும் செய்த தவறு ஒன்றேதான்: இருவரும் அந்த நாளை முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் கண்டிருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியில்லாமலே சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறலாம். மீண்டும் தாமே தூக்கிக்கொள்ளலாம். முகமறியாத வழிப்போக்கரின் கழுத்துவலியை எண்ணிப் பார்த்து யாரோ செய்துவைத்த அறம் அது. ஹார்டாங்கர்விடாவின் பாறைவெளியில் சுமைதாங்கி கிடையாது. அங்கே போகிறவர் தமக்குரிய சுமைதாங்கியைப் புறப்படுமுன்பே, தம் வீட்டுத் தரையில், தம் அறிவினால் நட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாளைக் காலையில் பையைத் தூக்கும்போது இதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.